பைக்காராவைக் கடக்கும் வழி

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் பேருந்தில் சுமார் இருபது கிலோமீட்டரில் பைக்காரா வருகிறது. அருவியையும் படகுத்துறையையும் கண்டு திரும்புவோர் பலர். தாம் வந்த சாலையின் கதையை நினைப்போர் சிலரே. 2010க்கு முன் தேசிய நெடுஞ்சாலை 67 என்றும் பின்னர் 181 என்றும் எண் பெற்ற வழி இது.

ஆங்கிலேயர் நீலகிரிக்கு முதலில் கிழக்கிலிருந்தே வழி அமைத்தனர். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் முயற்சியால் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் பாதை 1823இல் முடிந்தது. மேற்கே மலபாருக்கு இறங்குவதுதான் பெரும்பாடு. 1830களில் அவலாஞ்சி வழியே சிஸ்பாரா கணவாய்ப் பாதை வெட்டப்பட்டது. நாளடைவில் அதைக் காடே திரும்ப எடுத்துக்கொண்டது. வயநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, நடுவட்டம் வழியே கூடலூருக்கு இறங்கும் மலைப்பாதை முதன்மை பெற்றது. மலபாரைச் சேர்ந்திருந்த தென்கிழக்கு வயநாடு 1877இல் நீலகிரியோடு இணைக்கப்பட்டதும், அடுத்த சில ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் எழுந்த தங்க மோகமும் இவ்வழியின் தேவையைக் கூட்டின. தங்கம் ஏமாற்றியது, சாலை நிலைத்தது.

நடுவட்டத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அங்கிருந்த அரசு சிங்கோனாத் தோட்டங்களில், மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் உழைத்தனர். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, பசு வளர்த்து வாழ்ந்த சிறு சீனக் குடியிருப்பொன்றைத் தாம் கண்டதாக எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். அவர்களுடைய முகங்களையும் தலைகளையும் அளந்து பதிந்த அவருடைய நூலில், அவர்களுடைய துயரத்துக்கு ஒரு வரி இல்லை. அளவுகோல் மிகக் கவனமாக இருந்திருக்கிறது, பாருங்கள்!

இனி ஆறு. முக்குருத்தியில் பிறந்து, கீழே மோயாறாகப் பெயர் மாறும் பைக்காரா தோடர்களுக்குத் தெய்வம். 1906இல் வெளியான ரிவர்ஸின் நூல், அதைக் கடக்கும் தோடர் போர்வையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்து வணங்குவார் என்கிறது. நமக்கோ அது பாலத்தில் கடக்கும் ஒரு நீர்நிலை. 1929இல் தொடங்கிய மின் திட்டம் 1932இல் இயங்கியது. மலையிலிருந்து குழாய்களில் இறங்கிய நீர் சிங்காராவில் மின்சாரமாகிக் கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியது. அந்த ஆலைகளில் இரவு வேலை பார்த்தவர்களுக்குப் பைக்காரா என்றால் விளக்கு. மந்தில் இருந்தவர்களுக்கு அது, எருமைகளோடும் வலக்கை வணக்கத்தோடும் கடக்க வேண்டிய ஆறு.