கண்ணிவெடியும் கவச ஊர்தியும்

கவசம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவன் கர்ணன். உடலோடு பிறந்த கவசம் அவன் மார்பைக் காத்தது. அம்பும் வேலும் எதிரிலிருந்து வந்த காலத்தில் மார்பைக் காப்பதே பெரும் காவலாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டிலோ வீரன் மிதிக்கும் மண்ணே அவனுக்குப் பகையாயிற்று. மண்ணுள் மறைத்த கண்ணிவெடி, வண்டியின் சக்கரம் ஏறியதும் கீழிருந்து வெடிக்கிறது. இச்சாவினின்று படைவீரரைக் காக்க மனிதன் கண்ட வழி யாது? அதன் பயன் எவ்வளவு? அதன் எல்லை எது? மாணவ நண்பர்களே, இம்மூன்று வினாக்களையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், விசையைப் பற்றிய பாடத்தின்போது ஒரு சிறு சோதனை செய்து காட்டுவதுண்டு. குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, விரித்த உள்ளங்கையை அதன் கீழ் நீட்டச் சொல்வேன். நீர் கையை ஓங்கி அழுத்தும். பிறகு இரு கைகளையும் கூப்பி, விரல் நுனிகள் நீர்த்தாரையை எதிர்நோக்குமாறு பிடிக்கச் சொல்வேன். நீர் இரண்டாகப் பிளந்து இருபுறமும் வழிந்தோடும், அழுத்தமும் குறையும். கண்ணிவெடியைத் தாங்கும் ஊர்தியின் இரகசியம் இதுவே. இங்கு விசை கீழிருந்து வருவதால், கூப்பிய கையின் கூர்முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். தோணியின் அடிப்பாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான அடித்தளம் வெடியின் முழு வேகத்தையும் ஏற்று உள்ளிருப்போரின் காலையும் முதுகெலும்பையும் முறிக்கும். தோணிபோல் சரிந்த அடித்தளமோ அவ்வேகத்தின் பெரும்பகுதியைப் பக்கங்களுக்குத் திருப்பிவிடும். உடலை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தால் வெடியின் வலிமை மேலும் தேயும். உறுதியான ஆசனமும் இடுப்புவாரும் அமைந்தால், வண்டி தூக்கி எறியப்படினும் மனிதன் பிழைப்பான்.

இவ்வுண்மையை நடைமுறைக்குக் கொண்டுவந்த களம் தென்னாப்பிரிக்கக் கண்டப்பகுதி. 1970-களில், இன்று ஜிம்பாப்வே எனப்படும் ரொடீஷியாவில் சிறுபான்மை வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துக் கறுப்பின விடுதலைப் படைகள் போராடின. மண்சாலைகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. ஆட்சியாளர் முதலில் லாரிகளில் மணல்மூட்டைகளை அடுக்கினர். டயர்களில் நீரை நிரப்பினர். பின்னர், வோக்ஸ்வாகன் வண்டியின் உறுப்புகளைக் கொண்டு, கூரிய அடித்தளமுடைய 'லெப்பர்ட்' என்ற சிறு ஊர்தியைச் செய்தனர். எர்னஸ்ட் கான்ஷல் என்ற பொறியாளர் 'பூக்கி' என்ற வண்டியை வகுத்தார். பந்தயக் கார்களின் அகன்ற டயர்கள் அதற்குப் பூட்டப்பட்டன. அதன் எடை பரந்து விழுந்தமையால், அது கண்ணிவெடியின்மேல் ஏறியும் அதை வெடிக்கச் செய்யாமல், அது இருக்குமிடத்தைக் கண்டறிந்தது.

அண்டை நாடான தென்னாப்பிரிக்கா இக்கலையை மேலும் வளர்த்தது. 1978-இல் 'பஃபெல்' படைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து 'காஸ்பிர்' வந்தது. காவல்துறை, அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் ஆகிய இரண்டின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கங்களின் எழுத்துகளை மாற்றியமைத்துச் சூட்டிய பெயர் அது. சக்கரத்தின் கீழ் 21 கிலோ வெடிமருந்தும், உடலின் கீழ் 14 கிலோவும் வெடித்தாலும் உள்ளிருப்போர் உயிர்பிழைக்கத்தக்கவாறு அது வகுக்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அதே காஸ்பிர், நிறவெறி ஆட்சியின் காவலர்களை ஏற்றிக்கொண்டு கறுப்பின மக்கள் வாழ்ந்த குடியிருப்புகளுக்குள் புகுந்து, அம்மக்களின் கண்ணுக்கு அடக்குமுறையின் உருவமாகவே நின்றது. ஊர்தி உள்ளிருந்தோரின் உயிரைக் காத்தது, ஆட்சியைக் காக்கவில்லை. 1980-இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்றது. 1990-இல் நமீபியா விடுதலை பெற்றது. 1994-இல் தென்னாப்பிரிக்காவிலேயே அனைவரும் வாக்களித்தனர்.

இனி இராக்கிற்கு வருவோம். 2003-இல் அமெரிக்கப் படை அங்கே நுழைந்தது. பாக்தாத் சில வாரங்களில் வீழ்ந்தது. ஆனால் போர் முடியவில்லை. எதிர்த்தோர் பழைய பீரங்கிக் குண்டுகளைச் சாலையோரங்களில் புதைத்து வெடித்தனர். அமெரிக்கர் ஏறிச் சென்ற 'ஹம்வீ' வண்டியோ தாழ்ந்த, தட்டையான அடித்தளமுடையது. 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு படைவீரர் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டை நேருக்கு நேர் கேட்டார்: எங்கள் வண்டிகளுக்குக் கவசம் பூட்டக் குப்பைமேட்டில் துருப்பிடித்த இரும்பை நாங்கள் ஏன் தேட வேண்டும்?

கூரிய அடித்தளத்தின் பயனை உலகம் அறிந்து அப்போது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. 2005 பிப்ரவரியில் கடற்படைக் காலாட்படையின் களத் தளபதிகள் அத்தகைய 1,169 ஊர்திகளை அவசரமாகக் கேட்டனர். அக்கோரிக்கை அலுவலகக் கோப்புகளில் உறங்கிற்று. போர் விரைவில் முடிந்துவிடும், அதற்காக விலையுயர்ந்த கனமான வண்டி எதற்கு என்ற எண்ணமே தடையாயிற்று. 2007 ஏப்ரலில், புதிய அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் ஒரு செய்தித்தாளைப் படித்தார். அன்பார் மாகாணத்தில் இவ்வகை ஊர்திகள்மீது 300-க்கு மேற்பட்ட தாக்குதல்கள் நிகழ்ந்தும், அவற்றுள் சென்ற கடற்படைக் காலாட்படையினர் ஒருவரும் இறக்கவில்லை என்று அதில் கண்டிருந்தது. அடுத்த மாதமே அவற்றை வாங்குவதைத் தலையாய பணியாக அவர் அறிவித்தார். ஏறத்தாழ 27,000 ஊர்திகள் செய்யப்பட்டன. செலவு 4,000 கோடி டாலரைக் கடந்தது.

பயன் கண்டோம், இனி எல்லையையும் காண்போம். பல வகைகள் 14 டன்னுக்கு மேல் எடையுள்ளவை. உயரம் மிகுதியாதலால் கால்வாய்க்கரை இடிந்தால் கவிழ்ந்தன. சிறு பாலங்கள் அவற்றைத் தாங்கவில்லை. ஆப்கானிஸ்தானத்தின் மலைப்பாதைகளுக்கு அவை ஒவ்வாமையால், 2009-இல் எடை குறைந்த வேறொரு வகையைச் செய்ய நேர்ந்தது. எதிரியும் வாளாவிருக்கவில்லை, பக்கத்திலிருந்து கவசத்தைத் துளைக்கும் வெடியைக் கையாண்டான். இத்துணைச் செலவுக்கு ஏற்ற பயன் கிட்டவில்லை, நடுத்தரக் கவச வண்டிகளே போதும் என்று 2012-இல் இரு பொருளாதார அறிஞர் வாதிட்டனர்; படைத்துறை அதை மறுத்தது. 2013-இல் ஆப்கானிஸ்தானத்தில் எஞ்சியவற்றுள் பலவற்றை, திரும்பக் கொண்டுவரும் செலவுக்கு அஞ்சி, வெட்டிப் பழைய இரும்பாக விற்றனர். 2022-இல் தொடங்கிய உக்ரைன் பெரும்போரிலோ ஆளில்லா விமானங்கள் மேலிருந்து பாய்ந்தன. கீழ்நோக்கிய கூர்மை அவற்றுக்கு விடையாகாது.

அப்படியானால் இவ்வூர்தி வீண்தானா? அன்று. ஓர் அரசு ஓர் இளைஞனைச் சாவு புதைந்த பாதையில் அனுப்புமாயின், தான் அறிந்த காவலனைத்தையும் அவனுக்கு அளிப்பது அதன் கடமை. வண்டியின் விலையை எழுதத் தெரிந்த கணக்கேட்டில், வீடு திரும்பாத மகனின் விலையை எழுத இடமில்லை. ஆனால் எஃகுத் தகடு வீரனைக் காக்குமேயன்றி, அவன் அனுப்பப்பட்ட காரியம் நேர்மையானதா என்பதற்கு விடை சொல்லாது, போரையும் முடித்துவைக்காது.

நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள். சிலர் கோப்புகளில் கையெழுத்திடும் அதிகாரிகளாவீர்கள். கூப்பிய கையையும் விரித்த கையையும் நீங்கள் மறவாதிருங்கள். அவ்வேறுபாட்டை அறிந்திருந்தும் காலத்தில் செய்யாமல் விட்டதனால், மாண்டவர் பலர்.