மெதுவாக நடப்பதா, அடியைச் சுருக்குவதா?

ஈரத்தரையைக் கண்டால் வீட்டுப் பெரியவர்களிடம் “பார்த்து, மெதுவா போங்க” என்கிறோம். அவர்களும் வேகத்தைக் குறைப்பார்கள். கூடவே அடியும் சுருங்கும். முதியோர் நடையில் இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுவதால், இரண்டையும் ஒரே பாதுகாப்பாகக் கருதிவிடுகிறோம். வழுக்கலைக் கால் சறுக்கத் தொடங்கும் கட்டம், சறுக்கிய உடல் விழும் அல்லது மீளும் கட்டம் என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறாக வேலை செய்வது தெரியும்.

முதல் கட்டத்தில், குதிகால் தரையைத் தொட்டு உடல் எடை அதன்மேல் ஏறும்போது, கால் தரையைக் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் தள்ளுகிறது. கீழ்நோக்கிய விசைக்கு முன்நோக்கிய விசை என்ன விகிதமோ, அந்த அளவு உராய்வைத் தரை தரவேண்டும். சமதரையில் இயல்பாக நடப்பவருக்கு அது சுமார் 0.2. சோப்புத் தண்ணீர் படிந்த டைல்ஸால் அதைக் கொடுக்க முடியாதபோது கால் சறுக்கும். நீண்ட அடி வைத்தால் கால் சாய்ந்து ஊன்றும்; முன்விசை கூடும். அடியைச் சுருக்கினால் கால் நிமிர்ந்து ஊன்றும். உராய்வின் தேவையும் குறையும். மெதுவாக நடப்பதும் இங்கே உதவுகிறது. ஆனால் அந்த உதவியில் ஒரு பங்கு, கூடவே சுருங்கிய அடியால் வருவது. தரை வழுக்கலாம் என்று எதிர்பார்த்தவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதை ராக்கியே சாமும் மார்க் ரெட்ஃபெர்னும் 2002-இல் ஆராய்ந்தார்கள். அடியைச் சுருக்கி, பாதத்தைத் தட்டையாக வைத்து, உராய்வுத் தேவையை 16 முதல் 33 சதவீதம் வரை நடந்தவர்கள் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் கட்டத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. சறுக்கும் கால் முன்னே ஓட, உடலின் எடைமையம் பின்தங்குகிறது. அது காலை எட்டிப் பிடிக்காவிட்டால் ஆள் மல்லாந்து விழுவார். ஓரளவு வேகமாக வந்தவரை முன்னோக்கிய உந்தம் காலருகே கொண்டு சேர்க்கும். மெதுவாக வந்தவருக்கு அந்த உந்தம் போதாது. குறுகிய அடி வைத்தவருக்கோ எடைமையம் முதலிலேயே முன்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எஸ்பி, யாங், பட், பாய் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வேகத்தையும் அடிநீளத்தையும் தனித்தனியே மாற்றி இளைஞர்களை நடக்கவிட்டு, எதிர்பாராமல் சறுக்க வைத்தார்கள். வேகம் குறைந்தபோது நிலைத்தன்மை குறைந்தது. அடி குறுகியபோது கூடியது.

வயது இந்தச் சிக்கலை இறுக்குகிறது. முதியோர் மெதுவாக நடந்தாலும், தரையைத் தொடும் கணத்தில் அவர்களின் குதிகால் முன்னோக்கி நகரும் வேகம் இளையோரைவிட அதிகம் என்று லாக்கர்ட் குழு 2003-இல் காட்டியது. எடையை முன்காலுக்கு மாற்றுவதிலும் அவர்கள் மந்தம். அதனால் சறுக்கும் தூரம் நீள்கிறது, விழுவதும் அதிகமாகிறது.

சறுக்கிய பிறகு வேகம் உதவுகிறது என்பதற்காக முதியோரை வேகமாக நடக்கச் சொல்ல முடியாது. கால் தடுக்கும்போது கணக்கு தலைகீழாகிறது. பேவல், கிரேபினர் குழு முதியோரை ஆய்வகத்தில் தடுக்க வைத்துப் பார்த்தபோது, வேகமாக நடந்தவர்களுக்கே விழும் ஆபத்து கூடுதலாக இருந்தது. வழுக்கலில் கைகொடுத்த உந்தம், தடுக்கலில் குப்புறத் தள்ளுகிறது.

ஆக, வழுக்கலின் இரு கட்டங்களிலும் துணை நிற்பது குறுகிய அடிதான். ஈரத்தரையில் சொல்லவேண்டியது, “சின்னச் சின்ன அடியா வைங்க, பாதம் முழுசாப் பதியட்டும்” என்பது. மெதுநடை மட்டும் கால் சறுக்கும் வாய்ப்பைக் குறைத்தாலும், சறுக்கிய பிறகு மீள உதவாது.

மீள்வதைப் பயிற்சியாலும் பெறலாம். விழாமல் தாங்கும் பட்டை கட்டி, 65 வயதைக் கடந்தவர்களை ஒரே அமர்வில் 24 முறை சறுக்க வைத்தது பாய், பட் குழு. 2014-இல் வந்த அதன் முடிவின்படி, அடுத்த ஓராண்டில் அவர்கள் விழும் ஆபத்து ஏறக்குறைய பாதியானது. முதுமையிலும் உடல் இதைக் கற்றுக்கொள்கிறது என்பதால், முதியோருக்கான பயிற்சிகளில் தசை வலுவோடு சறுக்கி மீளும் பழக்கத்துக்கும் இடம் வேண்டும்.