45 டிஸ்க் கொண்ட சிவப்புப் பெட்டி

பேரன் பேத்திகளின் படங்களை 'கிளவுடில்' போட்டு வைத்திருப்பதாகச் சொல்கிறோம். அவை இருப்பது மேகத்தில் அல்ல. அடுக்கடுக்கான இரும்புப் பெட்டிகளுக்குள், ஹார்ட் டிஸ்க்குகளில். அந்தப் பெட்டியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போனது பேக்பிளேஸ் நிறுவனத்தின் கதை.

2007-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய சிறிய நிறுவனம் அது. மாதம் 5 டாலர் கொடுத்தால் உங்கள் கணினியில் உள்ள அத்தனைக்கும் நகல் எடுத்து வைப்போம் என்றார்கள். ஆனால் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை. 2009-ல் அவர்கள் வெளியிட்ட விலைப்பட்டியலின்படி, ஒரு பெட்டாபைட்டுக்கு, அதாவது பத்து லட்சம் ஜிபிக்கு, வெறும் டிஸ்க்கின் விலை 81,000 டாலர். பெரிய நிறுவனங்களின் சேமிப்புக் கருவியாக வாங்கினாலோ 8 லட்சம் டாலருக்கு மேல்!

எனவே தாங்களே பெட்டி செய்தார்கள். சிவப்பு நிற இரும்புக் கூடு, கடையில் கிடைக்கும் சாதாரண டிஸ்க் 45, இலவச லினக்ஸ். 67 டெராபைட் கொள்ளும் பெட்டி 7,867 டாலரில் முடிந்தது. அதன் வடிவமைப்பையும் மறைக்காமல் ஊருக்கே வெளியிட்டார்கள்.

2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலகின் டிஸ்க் உற்பத்தியில் பெரும்பங்கு அங்கேதான். தொழிற்சாலைகள் மூழ்க, விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. வாடிக்கையாளர்களின் கோப்புகளோ தினமும் வந்து குவிந்தன. இடமில்லை என்று சொல்ல முடியாது. கேபிள் மாட்டிப் பயன்படுத்தும் வெளி டிஸ்க்குகளின் விலை மட்டும் அவ்வளவு ஏறவில்லை. ஆளுக்கு இரண்டுதான் என்று கடைகள் கட்டுப்பாடு போட்டதால், ஊழியர்களும் குடும்பத்தாரும் நண்பர்களும் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி, உறையை உடைத்து உள்ளிருந்த டிஸ்க்கை எடுத்துப் பெட்டியில் பொருத்தினார்கள்.

மலிவான டிஸ்க் பழுதாகாதா? ஆகும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 2015 முதல் ஒவ்வொரு கோப்பையும் 17 துண்டாக்கி, கணக்கிட்டு எடுத்த 3 உதிரித் துண்டுகளையும் சேர்த்து, 20 பெட்டிகளில் பிரித்து வைத்தார்கள். எந்த மூன்று பெட்டி நின்றுபோனாலும் கோப்பு முழுசாகத் திரும்பக் கிடைக்கும். ரீட், சாலமன் என்ற இருவர் 1960-ல் வெளியிட்ட கணித முறை இது. கீறல் விழுந்த சி.டி.யிலும் பாட்டு ஓடுவது இதே முறையின் தயவால்தான்.

2022-ல் டெல் நிறுவனத்தின் பெட்டிகளுக்கு மாறிவிட்டதாக அறிவித்தார்கள். ஆயத்தப் பெட்டியின் விலை இறங்கியபின் சொந்தமாகச் செய்வதில் லாபமில்லை. பெட்டி மாறலாம்; பழுது வரும் என்று முன்கூட்டியே எண்ணி ஏற்பாடு செய்ததுதான் நிலைத்தது. முக்கியமான படங்களை ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்வதும் இதனால்தான்.