மெலிந்த தொடக்கம், விரைந்த எடை: வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் குழந்தைப் பருமனும் மூளை அமைப்பும்

குழந்தைப் பருமன் என்பது வயதுக்கும் உயரத்துக்கும் பொருந்தாத அளவில் உடலில் கொழுப்பு சேர்ந்திருக்கும் நிலை. 5 முதல் 19 வயது வரையிலானோருக்கு உடல் நிறை எண் சராசரியைவிட ஒரு திட்டவிலக்கம் கூடினால் மிகை எடை, இரண்டு கூடினால் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இந்திய உடல்வாகுக்கு இந்த எல்லை தாராளமானது. அதனால் இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் 2015இல் தனி வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டது. பெரியவர்களின் உடல் நிறை எண் 23, 27 என்ற அளவுகளுக்கு ஈடான கோடுகளே அவற்றில் மிகை எடைக்கும் பருமனுக்கும் எல்லை.

பருமனான குழந்தைகளின் மூளையில் என்ன வேறுபாடு காணப்படுகிறது என்பதற்கான சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கு 9, 10 வயதுடைய சுமார் 11,800 குழந்தைகளைச் சேர்த்து ‘ஏபிசிடி’ என்ற நெடுநாள் ஆய்வு நடந்துவருகிறது. அதிலுள்ள சுமார் 2,700 குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு, உடல் நிறை எண் கூடக்கூடப் பெருமூளைப் புறணியின் தடிமன் சற்றுக் குறைந்திருப்பதைக் காட்டியது. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியில் இது தெளிவாகத் தெரிந்தது. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, கேட்டதை மனத்தில் நிறுத்தி அடுத்த வேலையைச் செய்வது ஆகியவை அந்தப் பகுதியைச் சார்ந்தவை. பசியை ஆளும் ஹைபோதலாமஸிலும் பருமனான குழந்தைகளுக்கு அழற்சியின் சாயல் காணப்பட்டுள்ளது.

இவற்றை அப்படியே நம்பிவிட முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. புறணியின் தடிமனே சில மில்லிமீட்டர்தான். கருவிக்குள் குழந்தை தலையைச் சிறிது அசைத்தாலும் படத்தில் புறணி மெலிந்தது போலத் தோன்றும். எடை கூடிய குழந்தைகளுக்கு மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு தலை அதிகம் அசைவதும் அறியப்பட்டதே. பதின்பருவத்தில் புறணி இயல்பாகவே மெலிகிறது என்பதால் மெலிவையே சிதைவு என்று படிக்கவும் கூடாது. இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. அதே அமெரிக்கக் குழந்தைகளில், இன்ப உணர்வோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியின் நுண்ணமைப்பு, அடுத்த ஓராண்டில் யாருக்கு எடை கூடும் என்பதை முன்கூட்டியே காட்டியது. அப்படியானால் எடை மூளையை மாற்றுவதோடு, மூளையும் எடையை ஏற்றக்கூடும். லெப்டின் என்ற ஒரே ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத குழந்தைகள் அடங்காப் பசியால் கடும் பருமனாவது 1997இல் கண்டறியப்பட்டது. பருமனைக் குழந்தையின் நாக்கடக்கமின்மை என்று பழிப்பது தவறு என்பதற்கு அந்த ஒரு கண்டுபிடிப்பே போதும்.

வேலூருக்கு இந்தக் கதையைக் கொண்டுவரும்போது மூன்றாவது சிக்கல் எழுகிறது. இக்கட்டுரையின் வாதம் அதைப் பற்றியது. இங்கு மிகை எடையோடு பள்ளிக்கு வரும் குழந்தை, பிறந்தபோதும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் மெலிந்திருந்த குழந்தையாக இருக்கக்கூடும். மூளையின் பெரும்பகுதி வளர்ச்சி அந்த இரண்டு ஆண்டுகளில்தான் நடக்கிறது. ஆகவே எட்டு வயதில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் குறைக்குப் பிந்தைய கொழுப்பு பொறுப்பா, முந்தைய பட்டினி பொறுப்பா என்பதை அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

இதற்கான சான்று வேலூரிலேயே இருக்கிறது. வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் ஒன்றியத்து ஊர்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பதிவுசெய்து பின்தொடர்ந்தது. அவர்களில் 2,218 பேரைச் சராசரி 28 வயதில் சோதித்தபோது, சிறுவயதில் மெலிந்திருந்து பின்னர் விரைந்து எடை கூடியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் தென்பட்டது. டெல்லியில் அதே காலத்தில் பிறந்தவர்களைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. பின்னாளில் சர்க்கரைக் கோளாறுக்கு ஆளானவர்கள் இரண்டு வயதில் மெலிந்திருந்தார்கள். பிறகு எடை ஏறிக்கொண்டே போனது. ஆனால் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட வரையறைப்படி பருமனாக இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியவரை மட்டும் தேடும் முறை இவர்கள் எல்லாரையும் தவறவிட்டிருக்கும்.

2010 முதல் 2012 வரை வேலூர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகளை, எட்டு நாடுகளில் நடந்த ‘மால்–எட்’ ஆய்வின் பகுதியாக அதே கல்லூரி பின்தொடர்ந்தது. இரண்டு வயதில் உயரம் குன்றாத குழந்தைகள், குன்றியே இருந்த குழந்தைகளைவிட ஒன்பது வயதில் அறிவுத்திறன் சோதனையில் கூடுதலாகப் பெற்றனர். இரும்புச்சத்துக் குறைவும் இரத்தத்தில் ஈயத்தின் அளவும் தனித்தனியே மூளை வளர்ச்சியைத் தொட்டிருந்தன. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இந்த வட்டாரத்தின் தோல் பதனிடும் கழிவு என்றதும் குரோமியம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் இவ்விரண்டில் குழந்தைகளின் மூளைக்குத் தீங்கு செய்வதாக உறுதியாக நிறுவப்பட்ட உலோகம் ஈயமே. ஒன்றுக்கான சான்றை மற்றொன்றின் மேல் ஏற்றிவைக்கக் கூடாது.

தோல் தொழில் குழந்தையின் எடையைத் தொடுவது வேறு வழியில். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு, இந்த வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவுசெய்தது. நிலம் கெட்ட வீட்டில் உணவு கடையிலிருந்துதான் வர வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெண்களே அதிகம். காலையில் கம்பெனி வண்டி ஏறும் தாய் இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறாள். பள்ளி விட்டு வரும் பிள்ளை பூட்டிய வீட்டுக்கும் டியூஷனுக்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய்ப் பாக்கெட்டுகளை நம்பிக் கழிக்கிறது. ஆம்பூர் என்றதும் பிரியாணி மேல் பழிபோடுவது எளிது. பிரியாணி எப்போதாவது வாய்க்கும் சாப்பாடு, பாக்கெட்டோ அன்றாடம். தாயின் மேல் பழிபோடுவது அதைவிட அநியாயம்.

நாட்டளவில் 5 வயதுக்குட்பட்டோரில் மிகை எடையுள்ளவர்கள் 2015–16 கணக்கெடுப்பில் 2.1 விழுக்காடாக இருந்து 2019–21 கணக்கெடுப்பில் 3.4 ஆயினர். பிந்தைய கணக்கெடுப்பில் உயரம் குன்றியவர்கள் 35.5 விழுக்காடு. அதில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தனர். குன்றிய பிள்ளையும் எடை கூடிய தாயும் ஒரே கூரையின்கீழ் இருப்பது இங்கு அரிதன்று.

செய்யக்கூடியது என்ன என்பதற்கு ஸ்பெயினின் கிரானடா நகரில் நடந்த சோதனை வழிகாட்டுகிறது. மிகை எடையும் பருமனும் உள்ள 109 குழந்தைகளில் ஒரு பிரிவினர் 20 வாரம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தனர். 2022இல் வெளியான முடிவின்படி அவர்களின் அறிவுத்திறன் உயர்ந்தது. மூளையின் அமைப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் படத்தில் தெரியவில்லை. படம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே இதன் பொருள். விளையாட்டுப் பாட வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் கணக்குக்கே கேடு செய்கின்றன.

முதல் இரண்டு ஆண்டுகளில் உயரம் வளரச் செய்வதும், அதன்பின் உயரத்தை மிஞ்சி எடை ஏறாமல் காப்பதும் தனித்தனி வேலைகள். ஐந்து நாடுகளின் பிறப்புக் குழுக்களைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளின் உயர வளர்ச்சி கல்விக்குத் துணைநின்றது. அதற்குப் பிந்தைய விரைந்த எடையேற்றத்தால் கல்விக்குப் பெரிய பயன் இல்லை, நோய்க்கான வாய்ப்பே கூடியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பசியோடு வரும் பிள்ளைக்குப் பேருதவி. மாலை நேரத்துக்கு அதுபோல எதுவும் இல்லை.

இந்த வட்டாரத்தில் குழந்தையின் எடையும் உயரமும் முதலில் அங்கன்வாடியிலும், பிறகு பள்ளி மருத்துவக் குழுவாலும் அளக்கப்படுகின்றன. மெலிந்த தொடக்கமும் விரைந்த எடையும் ஒருசேரத் தெரிய, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்கள் இவ்விரு பதிவுகளையும் ஒரே குழந்தையின் பெயரில் ஒரே தாளில் இணைக்க வேண்டும்.