தனியே அழ வேண்டாம்: பிள்ளையை இழந்த பெற்றோருக்காகப் பிறந்த ஓர் அமைப்பின் வரலாறு



கணவனை இழந்தவரைக் கைம்பெண் என்கிறோம். மனைவியை இழந்தவரைத் தபுதாரன் என்கிறோம். பெற்றோரை இழந்த பிள்ளையை அனாதை என்கிறோம். பிள்ளையை இழந்த தாயையும் தந்தையையும் என்னவென்று அழைப்பது? ‘புத்திர சோகம்’ என்று அந்தத் துயரத்திற்கு நம் மொழியில் பெயர் உண்டு. துயருற்றவருக்குத்தான் பெயர் இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 நவம்பர் மாதச் செபக் கருத்தாகப் பிள்ளைகளை இழந்த பெற்றோரைத் தேர்ந்துகொண்டபோது, இதே கருத்தைத்தான் முன்வைத்தார். ஆறுதலாகச் சொல்லப்படும் வார்த்தைகள் சில நேரங்களில் காயத்தை இன்னும் ஆழமாக்கிவிடும் என்றும் எச்சரித்தார்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக இங்கிலாந்தில் பிறந்து, இன்று பல நாடுகளில் பணிபுரியும் ஓர் அமைப்பின் வரலாற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். அதன் பெயர் ‘தி கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்’. தமிழில் ‘பரிவுள்ள நண்பர்கள்’ எனலாம்.

கவென்ட்ரி நகரம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கவென்ட்ரி, துயரத்தை நன்கு அறிந்த நகரம். 1940 நவம்பர் 14 இரவில் செர்மானிய விமானங்கள் குண்டு வீசியதில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். பழமையான பேராலயமும் எரிந்து வெறும் சுவர்களாய் நின்றது. அந்த இடிபாடுகளை அகற்றாமல் அப்படியே விட்டு, அதன் அருகிலேயே புதிய பேராலயத்தைக் கட்டி 1962இல் அருட்பொழிவு செய்தார்கள். பழைய காயத்தை மறைக்காமல் அதன் பக்கத்திலேயே வாழ்வைத் தொடர்வது என்பது அந்நகரத்து மக்களுக்குப் புதிதல்ல.

இரு சிறுவர்கள், இரு குடும்பங்கள்

1968ஆம் ஆண்டு மே மாதம். கவென்ட்ரி வார்விக்சயர் மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஒருவன் கென்னத் லாலி. பள்ளிக்குச் செல்லும் வழியில் விபத்தில் சிக்கியவன். மற்றவன் பில்லி ஹென்டர்சன். புற்றுநோயால் நெடுநாள் துன்புற்றவன். சில நாள் இடைவெளியில் இருவருமே இறந்தனர்.

அங்கே ஆன்மகுருவாகப் பணியாற்றியவர் சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு. அவர் இரு குடும்பங்களையும் சந்தித்தார், செபித்தார், தம்மால் முடிந்த ஆறுதலைச் சொன்னார். ஆனால் திருப்புமுனை அவரிடமிருந்து வரவில்லை. தங்கள் மகனைப் பறிகொடுத்திருந்த லாலி தம்பதியர், பில்லியின் அடக்கத்திற்கு மலர்களை அனுப்பி வைத்தனர். அதற்கு நன்றி சொல்ல ஹென்டர்சன் குடும்பத்தினர் தொடர்புகொண்டனர். பிறகு நான்கு பேரும் ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்தினர். தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசினர், அழுதனர். யாரும் யாரையும் ‘அழாதே’ என்று தடுக்கவில்லை.

ஆன்மகுரு ஒன்றைக் கவனித்தார். இந்த இரு தம்பதியரும் ஒருவருக்கொருவர் தரும் ஆறுதலைக் குருவாகிய தம்மால் தர இயலாது. அதை உணர்ந்து அவர் ஒதுங்கிவிடவும் இல்லை. இதே துயரில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் இந்த உறவு கிடைக்க வேண்டும் என்று முயற்சி எடுத்தார். 1969 ஜனவரி 28 அன்று அதே மருத்துவமனையில் ஒரு சிறு குழு கூடியது. அதில் ‘பரிவுள்ள நண்பர்கள்’ அமைப்பு பிறந்தது.

கடல் கடந்த பயணம்

இச்செய்தி பத்திரிகைகள் வழியாக அமெரிக்காவை எட்டியது. பிள்ளையை இழந்த ஷாம்ரஸ் தம்பதியர் அதைப் படித்துவிட்டு ஸ்டீபன்சுடன் தொடர்புகொண்டனர். 1972இல் புளோரிடா மாநிலத்தில் அமெரிக்காவின் முதல் கிளை தொடங்கியது. 1978இல் அது பதிவுபெற்ற அறநிறுவனமாயிற்று. இன்று அங்கு மட்டும் 500க்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன.

1997 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் இரண்டாம் ஞாயிறன்று, அந்தந்த நாட்டு நேரப்படி இரவு 7 மணிக்கு, இறந்த பிள்ளைகளின் நினைவாக மெழுகுதிரி ஏற்றும் வழக்கமும் இவ்வமைப்பால் ஏற்பட்டது. ஒரு நாட்டில் ஒரு மணி நேரம் எரிந்து அணையும்போது அடுத்த நேர மண்டலத்தில் ஒளி ஏற்றப்படுகிறது. இவ்வாறு ஒளி உலகைச் சுற்றி வருகிறது. நமக்கு அந்த ஞாயிறு திருவருகைக்காலத்தில் வருகிறது என்பதை நினைவில் கொள்வோம்.

செயல்படும் விதம்

இங்கே ஆறுதல் சொல்பவரும் பிள்ளையை இழந்தவரே. தொலைபேசியில் பேசுபவர், கூட்டத்தை நடத்துபவர், கடிதம் எழுதுபவர் எல்லாரும் இதே பாதையில் சில ஆண்டுகள் முன்னால் நடந்தவர்கள். பிள்ளை எந்த வயதில் இறந்தது, எப்படி இறந்தது, எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்ற எந்த எல்லையும் கிடையாது. சமய வேறுபாடும் கிடையாது. உடன்பிறந்தோரையும் தாத்தா பாட்டியையும்கூட இந்த அமைப்பு அரவணைக்கிறது. வீட்டில் எல்லாரும் பெற்றோரைத் தேற்றுவார்கள். தம்பியை இழந்த அக்காவை எவரும் விசாரிப்பதில்லை என்பது நாம் கண்ட உண்மைதானே! தற்கொலையால் பிள்ளையை இழந்தவர்கள், இருந்த ஒரே பிள்ளையை இழந்தவர்கள் ஆகியோருக்குத் தனிக் கவனிப்பும் உண்டு. இது மருத்துவ சிகிச்சைக்கு மாற்று அல்ல. தேவைப்படுவோர் மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் நாடத்தான் வேண்டும்.

விவிலியம் காட்டும் வழி

யோபுவின் நண்பர்களை நாம் குறை சொல்கிறோம். ஆனால் முதல் ஏழு நாள்கள் அவர்கள் சரியாகவே நடந்துகொண்டார்கள். தரையில் அவரோடு அமர்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை (யோபு 2:13). அவர்கள் வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறு தொடங்கியது. தன் பிள்ளைகளுக்காக அழும் ராகேல் ஆறுதல் பெற மறுக்கிறாள் (எரே 31:15, மத் 2:18). மத்தேயு நற்செய்தியாளர் அந்த அழுகையை இயேசுவின் பிறப்பு நிகழ்ச்சிகளின் நடுவிலேயே பதிவு செய்கிறார். நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்ட ஆண்டவர் முதலில் அவள்மீது பரிவுகொண்டார். பிறகே பாடையைத் தொட்டார் (லூக் 7:11-15). இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அவர் கண்ணீர் விட்டார் (யோவா 11:35). தாம் பெற்ற ஆறுதலைக் கொண்டே நாம் பிறருக்கு ஆறுதல் அளிக்கிறோம் என்று புனித பவுல் எழுதுகிறார் (2 கொரி 1:3-4). கவென்ட்ரியில் நடந்தது இதுதான்.

எனது தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், கிணற்றில் மூழ்கி இறந்த ஒரு சிறுவனின் அடக்கத் திருப்பலியில், கடவுள் தம் தோட்டத்திற்கு ஒரு மலரைப் பறித்துக்கொண்டார் என்று மறையுரை ஆற்றினேன். கல்லறையில் அவன் தந்தை என் கையைப் பிடித்து, “சாமி, அவருக்கு அத்தனை பூ இருக்கே, எங்களுக்கு இருந்தது ஒண்ணுதானே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாய் பல மாதங்கள் ஆலயத்துக்கே வரவில்லை. நான் இரண்டு முறை வீட்டிற்குச் சென்றும் பயனில்லை. பிறகு வேறொரு அன்பியத்தைச் சேர்ந்த, காய்ச்சலில் மகளை இழந்திருந்த ஓர் அம்மா வாரந்தோறும் மாலையில் அந்த வீட்டுத் திண்ணையில் போய் அமரத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். நான் அனுப்பவில்லை, எனக்கு அது தோன்றவும் இல்லை. கல்லறைத் திருநாளன்று இருவரும் சேர்ந்து மெழுகுதிரி ஏற்றியதைப் பார்த்தேன். அந்தத் தாய் இன்றும் எல்லா ஞாயிறும் வருவதில்லை. ஆனால் வருகிறார்.

திருச்சபை சொல்வது என்ன?

நம் பங்குகளில் சில தவறான எண்ணங்கள் இன்னும் பெற்றோரை வாட்டுகின்றன.

முதலாவது, திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தை பற்றியது. அத்தகைய குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என எதிர்நோக்குகிறது (கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1261). அனைத்துலக இறையியல் ஆணையம் 2007இல் வெளியிட்ட ஏடும் இந்த எதிர்நோக்கை விளக்குகிறது. குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப் பெற்றோர் விரும்பியிருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கையும் நடத்தலாம் (திருச்சபைச் சட்டம் 1183).

இரண்டாவது, தற்கொலை. கடுமையான மனநோய், வேதனை, அச்சம் ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும். அவர்களின் நிலைவாழ்வு குறித்து நம்பிக்கை இழக்கலாகாது. அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது (மறைக்கல்வி, எண் 2282-2283). 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த, தற்கொலை செய்தோருக்கு அடக்கச் சடங்கை மறுக்கும் விதி, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

மூன்றாவது, கடவுள்மீது கோபம். ‘அன்பின் மகிழ்வு’ என்னும் 2016ஆம் ஆண்டுத் திருத்தூது ஊக்கவுரையில் (எண் 254) திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளையை இழந்து கடவுள்மீது சினம் கொள்வோரைத் தம்மால் புரிந்துகொள்ள முடிகிறது என்கிறார். அவர்களைக் கண்டிக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

• இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் துக்கம் கிளறப்படும் என்று எண்ணுகிறோம். பெயரே மறக்கப்படுவதுதான் அவர்களுக்குப் பெரும் துக்கம்.

• ‘கடவுள் சித்தம்’, ‘இன்னொரு பிள்ளை இருக்கிறதே’, ‘எல்லாம் நன்மைக்கே’ என்னும் சொற்களைத் தவிருங்கள். ‘நீ பார்த்துக்கொண்டிருக்கலாமே’ என்பதை ஒருபோதும் சொல்லாதீர்கள்.

• முப்பதாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். பிறந்தநாள், பள்ளி திறக்கும் நாள், கிறிஸ்து பிறப்பு விழா ஆகிய நாள்களில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

• அன்பியங்களில் இதே துயரைக் கடந்து வந்தவர் இருந்தால், அவர் விரும்பினால், புதிதாகத் துயருற்ற குடும்பத்தோடு அறிமுகப்படுத்துங்கள்.

• தந்தையையும் விசாரியுங்கள். ஆண் பிள்ளை அழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அவர்.

1968இல் மகனை இழந்த ஒரு குடும்பம், மகனை இழந்த மற்றொரு குடும்பத்திற்குச் சில மலர்களை அனுப்பியது. அதற்குத் திட்டமோ நிதியோ தேவைப்படவில்லை. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கலாம். இந்த வாரம் அங்கே சென்று சிறிது நேரம் அமர்ந்திருங்கள். சிலுவையின் அருகில் தன் மகனுக்காக நின்ற அன்னை மரியா நம்மோடு வருவாராக.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.