மூன்றுகைத் திருவேளைக்காரர்

பெருமிதம் என்னும் மெய்ப்பாடு கல்வி, தறுகண்மை, புகழ், கொடை என்னும் நான்கின்கண் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. இவை தனியொருவன்பாற் கண்டு உணரத்தக்கன. பலர் ஒருங்கு கூடி ‘யாம்’ என்று சொல்லுங்காற் பிறக்கும் பெருமிதமும் ஒன்றுண்டு. அதன் இயல்பைக் காட்டுதற்குப் பொலன்னறுவையில் உள்ள தமிழ்க் கல்வெட்டொன்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

வேளைக்காரர் என்போர், அரசனுக்கு இடுக்கண் நேரும் வேளையில் தம் உயிரையும் கொடுப்பதாக வஞ்சினங் கூறிய படைவீரர். சோழர் படையில் இவர்கள் பல பிரிவினராய் இருந்தனர். 1070ஆம் ஆண்டளவிற் சோழர் ஆட்சியை ஈழத்தினின்றும் அகற்றிய முதலாம் விசயபாகு (1055–1110) இவர்களைத் தன் படையிலேயே வைத்துக்கொண்டான். பகைவரின் மறவரைத் தன் காவலராக்கிக்கொண்ட அவனது துணிவு வியக்கத்தக்கதே.

கன்னட வேந்தன்பால் அவன் விடுத்த தூதரைச் சோழர் மூக்கும் செவியும் அரிந்து விட்டனர். அதற்குப் பழிவாங்க எண்ணித் தன் ஆட்சியின் 30ஆம் ஆண்டளவிற் சோழர்மேற் செல்லுமாறு அவன் படையை ஏவியபொழுது, வேளைக்காரர் செல்ல மறுத்துக் கலகஞ் செய்தனர். படைத்தலைவர் இருவரைக் கொன்றனர், அரசன் தங்கையாகிய மித்தையையும் அவள் மைந்தரையும் பற்றினர், அரண்மனைக்கு எரியூட்டினர். ஓடி உய்ந்த மன்னன் மீண்டு வந்து கலகத்தை அடக்கி, அதன் தலைவர்களைக் கொலையுண்ட படைத்தலைவரின் ஈமத்தருகே பிணித்து எரித்தான் என்று சூளவம்சம் கூறும். தம் இனத்தார்மேற் படையெடுக்க ஒருப்படாமையே அக்கலகத்திற்கு ஏது என்று கருதுதல் பொருந்தும். கூட்டத்தின் பெருமிதம் ஈண்டு உரைத்த வஞ்சினத்தையே விழுங்கிவிட்டது.

அற்றாயினும், அம்மன்னன் ஆட்சியின் 42ஆம் ஆண்டிற்குரிய பலமோட்டைக் கல்வெட்டை நோக்குவார்க்கு வேறொரு காட்சி தோன்றும். கந்தளாயின் அருகே, அரசன் பெயரால் விசயராச ஈச்சுரம் எனப்பட்ட சிவன்கோயிலுக்குப் பார்ப்பனப் பெண்ணொருத்தி இறந்த தன் கணவனைக் குறித்து அளித்த அறக்கட்டளையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரரிடமே விடப்பட்டது.

விசயபாகு இறந்தபின் எழுந்ததே பொலன்னறுவைக் கல்வெட்டு. தேவசேனாபதி என்பான் அரசன் ஆணையாற் கட்டிய தலதாய்ப் பள்ளியின், அஃதாவது புத்தரின் திருப்பல் வைத்த பள்ளியின், காவலை ஏற்றருளுமாறு இராசகுரு முகலன் என்னும் பெருந்துறவி அமைச்சரொடு வந்து வேளைக்காரரை வேண்டினர். அவர் தாமே முடிவு செய்தாரல்லர். வளஞ்சியரைத் தம் மூதாதையர் என்று கூறி அழைத்து, நகரத்தாரையுங் கூட்டியே இசைந்தனர். பள்ளிக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன்’ என்று தம் பெயரையே இட்டனர். ஆளுக்கு ஒரு வேலி நிலமும் வகுத்தனர். வாளேந்துவோர் வணிகரைத் தம் முன்னோர் என்று சொல்லிப் பெருமைகொள்வது கருதற்பாலது. குருதியுறவு இவ்வுரிமைக்கு ஏது அன்று, கூடி வாழ்ந்த வாழ்வே ஏது.

இக்கூட்டத்தில் அடங்கினோர் வலங்கையர், இடங்கையர், சிறுதனத்தார், பிள்ளைகள்தனத்தார், வடுகர், மலையாளர் முதலாயினோர். மொழியானும் பிறப்பானும் வேறுபட்ட இவர் யாவரும் ஒரு பெயரின்கீழ் நின்று, தம்முள் ஒருவன் இக்காவலுக்கு மாறாக நடப்பின் அவன் தம் படைக்கே துரோகி என்று கல்லிற் பொறித்தனர். புத்தநெறிக்கு உரியதொன்றின் காவலைத் தம் படையின் மானமாகவே அவர் கொண்டமை இவ்வொரு சொல்லால் இனிது விளங்கும். எரியுண்ட அரண்மனையைப் பற்றிக் கல்வெட்டு ஒன்றும் உரைத்திலது. தம் புகழைப் பொறிப்போர் தம் குற்றத்தைப் பொறிப்பது யாண்டும் அரிதன்றோ!

இவ்வாறு காப்பதாகச் சூளுரைத்த பொருள் நெடுங்காலம் அவ்விடத்து நிலைத்திலது. 1111ஆம் ஆண்டளவில் ஆட்சியெய்திய விக்கிரமபாகு புத்தப் பள்ளிகளின் பொருளைக் கவரத் தொடங்கினானாக, துறவிகள் திருப்பல்லையும் திருவோட்டையும் எடுத்துக்கொண்டு தெற்கே உரோகண நாட்டிற்குச் சென்றனர். பின்னர்ப் பராக்கிரமபாகு காலத்தில் வேளைக்காரர் மீண்டும் கலகஞ்செய்து, அடக்கப்பட்டுத் தம் ஊர்களை இழந்தனர். அவர் ஆளுக்கொரு வேலியாகப் பள்ளிக்கு வகுத்த நிலக்கணக்கோ பொலன்னறுவைக் கல்லில் இன்றும் படிக்கக் கிடக்கின்றது.