ஜீப்புக்குக் கேட்ட வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்

மதுரை கே.கே. நகர்ல இருந்து இன்னொரு வரலாற்று எபிசோட். இப்பல்லாம் ஆர்ச் சிக்னல்ல நின்னா ஒரு தார் வண்டியாவது கண்ணுல பட்டுடும். சனி ஞாயிறு ஆனா அதுல பாதி போடிமெட்டு ஏறுது. அதனால இன்னைக்கு அந்த வண்டியோட தாத்தா கதை.

1940, ஜூலை. அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஒரு தேவைப் பட்டியல் அனுப்புது. நம்ம பாஷையில சொன்னா ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட். நாலு சக்கரமும் இழுக்கணும், எடை கம்மியா இருக்கணும், 49 நாளில் மாதிரி வண்டி வேணும். அந்தக் கெடுவைப் பிடிச்சது பேண்டம்ங்கிற சின்னக் கம்பெனி மட்டும்தான். கார்ல் ப்ராப்ஸ்ட் வடிவமைச்ச வண்டி செப்டம்பர் 23 அன்னைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனா போர்க்காலத்துல பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போச்சு. ரெண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் தயாரிச்சாங்க.

அந்தப் பட்டியல்ல ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டி மணிக்கு 3 மைல் வேகத்துலயும் திணறாம ஓடணும். அதாவது சுமார் 5 கிலோமீட்டர், மனுஷன் நடக்கிற வேகம். வேகமா போறதுக்கு எத்தனையோ வண்டி இருந்தது. மெதுவா போகத் தெரிஞ்ச வண்டிதான் இல்ல.

அதுக்காக வந்ததுதான் கியர் ராடு பக்கத்துல இருக்கிற அந்தக் குட்டி லீவர். வில்லிஸ் எம்பி ஜீப்புல அதை லோ-வுக்குத் தள்ளினா சக்கரத்தோட வேகம் கிட்டத்தட்ட பாதியாகும், இழுவை ரெண்டு மடங்காகும்.

1947-ல் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. அப்போ கம்பெனி பேர் மஹிந்திரா அண்ட் முகமது. பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானோட முதல் நிதி அமைச்சராப் போயிட்டார். 1948-ல் பேர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. 2010-ல் வந்த தார் அந்த வம்சம்தான்.

சரி, இந்த வரலாறு நமக்கு எதுக்கு? கொழுக்குமலைக்கு எதுக்குன்னு பாருங்க. மலை தேனி மாவட்டத்துல, 7,000 அடிக்கு மேல. ஜீப் பாதை கேரளாவோட சூரியநெல்லியில தொடங்குது. சுமார் 12 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பாதை முழுக்கக் கல்லு. அங்க ஓட்டுற அண்ணன்மாரோட காலைக் கவனிங்க. இறக்கத்துல லோ கியர், இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை மட்டும் நம்பி மிதிச்சுக்கிட்டே வந்தா அது சூடேறி, தேவைப்படுற நேரத்துல பிடிக்காது. கிளட்சை மிதிச்சாலோ நியூட்ரல்ல விட்டாலோ இன்ஜின் பிடியும் போச்சு.

ஏத்தத்துல பாதியில நின்னுட்டா? வண்டியைத் திருப்பவே கூடாது. சரிவுக்குக் குறுக்க நின்னா உருண்டுடும். பிரேக்கைப் பிடிச்சு, ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்துலயே நேரா பின்னாடி இறங்கணும். ஸ்டியரிங்ல கட்டைவிரல் வெளியே இருக்கட்டும். சக்கரம் கல்லுல மோதினா ஸ்டியரிங் வெட்டி அடிக்கும். எதிர்ல வண்டி வந்து ரெண்டுக்கும் இடம் இல்லைன்னா, இறங்குற வண்டிதான் ஒதுங்கி நிக்கணும். 1989 சாலை விதிகளே அதைத்தான் சொல்லுச்சு.

இன்னொண்ணு. கல்லுப்பாதை முடிஞ்சு தார் ரோடு ஏறினதும் ஃபோர் வீலை எடுத்துடுங்க. காஞ்ச தார்ல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பல்சக்கரத்தைத் தின்னுடும்.

ரீல்ஸ்ல ஜீப் பறக்கும். ஆனா அதைக் கேட்டு வாங்கினவங்க எழுதி வச்சது நடக்கிற வேகம். மலையில பின் சீட்டுல நாலு பேரை உட்கார வச்சிருக்கும்போது அந்த ஒரு வரியை மறந்துடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.